நான்கு மாதக் காக்டெயில் குஞ்சு ஏன் கொத்துகிறது, ஏன் கத்துகிறது?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: கையால் ஊட்டி வளர்க்கப்பட்ட, காக்டெயில் என்னும் சிறு கொண்டைக் கிளியின் சாம்பல் நிறக் குஞ்சு ஒன்றை அதன் இரண்டரை மாத வயதில் வாங்கி வந்தீர்கள். முதல் சில வாரங்கள் அது உங்கள் தோளைவிட்டு இறங்கவே இல்லை. இப்போது நான்கு மாதம் ஆகப்போகும் நேரத்தில், கையை நீட்டினால் கொத்துகிறது. நீங்கள் அறையைவிட்டு நகர்ந்தால் கத்துகிறது. தானாகத் தின்னப் பழகிய பிறகும் சில நாள்களாகத் தலையை ஆட்டி ஆட்டி ஊட்டச் சொல்லிக் கெஞ்சுகிறது. போன வாரம் நள்ளிரவில் கூண்டுக்குள் அடித்துப் புரண்டு இறகுகளைச் சிந்தியிருக்கிறது. தூங்கும் முன் அலகை நறநறவென்று தேய்க்கிறது. இது நோயா, குணம் கெட்டுவிட்டதா, என்னை அதற்குப் பிடிக்காமல் போய்விட்டதா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, இந்த வயதுக் காக்டெயிலுக்கு எது இயல்பு, எது இயல்பு தவறியது என்பதுதான். அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். பறவைகளைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, வீட்டிலும் காக்டெயில்களை வளர்க்கிறேன். இருந்தாலும் உங்கள் பறவையை நான் பார்க்கவில்லை, அதன் எடையோ எச்சமோ எனக்குத் தெரியாது. ஆகையால் இங்கே சொல்வது நோயைக் கண்டறிவதாகாது. நீங்கள் விவரித்த ஒவ்வொரு செயலும் ஆரோக்கியமான குஞ்சிடம் நான் கண்டிருக்கும் செயலே என்பதை மட்டும் முதலில் உறுதியாகச் சொல்லிவிடலாம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேள்வியின் தொடக்கத்தில் நீங்கள் ‘கிளி’ என்று மட்டும் எழுதியிருந்ததால், சிலர் நம் ஊர்ப் பச்சைக்கிளியை நினைத்துப் பதில் எழுதியிருக்கிறார்கள். பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். உங்களிடம் இருப்பது ஆஸ்திரேலியப் பறவை என்பதால் அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. ஆனால் அது ஆஸ்திரேலியப் பறவை என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது.

காக்டெயில், கொண்டைக் கிளிகளான காக்கட்டூக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் உருவத்தில் மிகச் சிறியது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட வெளிகளில், மழையும் புல்விதையும் இருக்கும் இடம் தேடிக் கூட்டமாக அலைந்து திரியும். மற்ற பல கிளிகளைப் போல மரத்திலேயே தங்கிப் பழம் தின்பதைவிடத் தரையில் இறங்கி விதை பொறுக்குவதுதான் அதன் பெரும்பகுதி வாழ்க்கை. தரையில் மேயும் சிறு பறவைக்கு எந்த நேரமும் வானத்திலிருந்து பருந்து இறங்கலாம். ஆகவே கூட்டத்தில் ஒன்று திடுக்கிட்டால் எல்லாமே அதே நொடியில் எழும்பிப் பறந்தாக வேண்டும். என்ன ஏது என்று பார்த்துவிட்டுப் பறக்கலாம் என்று நின்ற பறவைக்கு வாரிசு இருந்திருக்காது. உங்கள் வரவேற்பறையில் பருந்து இல்லை என்பது அந்த உடம்புக்குத் தெரியாது. நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து மாறிய விலங்கு. காக்டெயிலை மனிதர் கூண்டில் வளர்க்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. நிறம் மாறிய வகைகள் எத்தனையோ வந்துவிட்டன, உள்ளே இருக்கும் பறவை பெரும்பாலும் பழைய பறவைதான்.

இனிக் கொத்துவதற்கு வருகிறேன், உங்களை அதிகம் வருத்தியிருப்பது அதுதான் என்று தெரிகிறது. கிளி இனத்துக்கு அலகு வெறும் வாய் மட்டுமன்று. அதுவே கை, அதுவே மூன்றாவது கால். கூண்டுக் கம்பியில் ஏறும்போது முதலில் அலகால் பற்றிக்கொண்டு பிறகு காலை எடுத்து வைப்பதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். விரலில் ஏறச் சொல்லும்போதும் அது அதையே செய்கிறது: இந்தக் கிளை தாங்குமா என்று அலகை வைத்து அழுத்திப் பார்க்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் தன் தாயுடன் ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து, ‘ஏறச் சொன்னாலே கடிக்குது சார்’ என்று கண்கலங்கினான். மேசைமேல் வைத்து அவனையே செய்துகாட்டச் சொன்னேன். குஞ்சு கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து, அவன் விரலின்மேல் மெதுவாக வைத்தது. வைத்த அந்த நொடியில் அவன் விரல் வெடுக்கென்று பின்னால் போனது. குஞ்சு முன்னால் தடுமாறி, விழாமல் இருக்க இறுக்கிக் கவ்வியது. நான் என் விரலை மரக்கட்டை போல அசையாமல் வைத்தேன். அதே அலகு வந்தது, தொட்டது, ஒருமுறை லேசாக அழுத்தியது, பிறகு இடது காலும் வலது காலும் ஏறின. அந்தப் பறவை ஒருபோதும் கடித்திருக்கவில்லை. ‘அலகு வந்தால் விரல் ஓடிப்போகும், அதனால் வந்ததும் இறுக்கிப் பிடி’ என்பதை அந்த வீடு அதற்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் எல்லாக் கொத்தலும் சோதித்துப் பார்ப்பதுதானா என்றால், இல்லை. வகை பிரிக்க உங்களுக்குக் கொண்டை உதவும். காக்டெயிலின் கொண்டை, படிக்கத் தெரிந்தவருக்கு ஓர் எழுத்துப் பலகை. நேர் செங்குத்தாக நின்றால் அது எதையோ உற்றுக் கவனிக்கிறது, அல்லது திடுக்கிட்டிருக்கிறது. பாதி சாய்ந்து நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது. கொண்டை தலையோடு தலையாக ஒட்டிப் படிந்து, உடம்பு ஒடுங்கி, வாய் திறந்து பாம்பு சீறுவதைப் போன்ற சத்தம் வந்தால், அது அச்சம். அதற்கு மேலும் கையை நீட்டினால் விழுவது உண்மையான கடி. இந்தச் சீறலும், முன்னும் பின்னுமாக உடம்பை ஆட்டுவதும், மரப்பொந்துக்குள் இருக்கும் கண் திறந்த குஞ்சுகள் தங்களை எட்டிப்பார்க்கும் எதிரியைப் பயமுறுத்தச் செய்வதே. பொந்தின் இருட்டில் கேட்டால் பெரிய மனிதர்களே கையை இழுத்துக்கொள்வார்கள்.

உங்கள் குஞ்சைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதியதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: கூண்டுக்குள் கையை விட்டு வெளியே எடுக்கும்போதுதான் அதிகம் கொத்துகிறது, தோளில் இருக்கும்போது இல்லை. இது மிகவும் பொதுவானது. இரண்டரை மாதத்தில் வந்த குஞ்சுக்கு எல்லாமே புதிது என்பதால் எதையும் எதிர்க்காமல் இருந்தது. நான்கு மாதத்தில் தன் இடம், தன் தீனிக்கிண்ணம், தான் இப்போது வரவேண்டுமா வேண்டாமா என்கிற விருப்பம் ஆகியவை உருவாகியிருக்கின்றன. ஆகவே கையை உள்ளே நுழைக்காமல் கதவைத் திறந்து வையுங்கள். அதுவாக வாசலுக்கு வரட்டும். வந்தபின் விரலை அதன் கால்களுக்குச் சற்று மேலே, அடிவயிற்றில் பட்டும் படாமலும் வைத்து, ஏறியதும் ஒரு தினைக்கதிரின் சிறு துண்டைக் கொடுங்கள். கொண்டை படிந்தால் கையை எடுத்துவிடுங்கள். கடித்த பிறகு எடுப்பதைவிட, கடிக்கும் முன் எடுப்பது நல்லது, ஏனென்றால் சைகை செய்தாலே போதும் என்று அது கற்றுக்கொள்ளும். அலகைச் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, கூண்டைத் தட்டுவது ஆகியவற்றை யார் சொன்னாலும் செய்ய வேண்டாம். இந்த முறைகளால் அடங்கியதாகச் சொல்லப்பட்ட பறவைகள் பலவற்றை என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். அவை கையைக் கண்டால் கூண்டின் மூலையில் ஒடுங்குகின்றன. அது அடக்கமல்ல.

கத்துவதைப் பற்றி. நீங்கள் அறையைவிட்டு வெளியேறியதும் எழும் அந்த நீண்ட, கூர்மையான அழைப்பு, கூட்டத்தோடு தொடர்பு அறாமல் இருக்கக் கிளிகள் எழுப்பும் குரல். ‘நான் இங்கே, நீ எங்கே’ என்பதுதான் அதன் பொருள். மனிதரைத் தவிர வேறு துணை இல்லாத குஞ்சுக்கு நீங்கள்தான் கூட்டம். கிளிகளின் வாழ்வில் இந்தக் குரல் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன்: வெனிசுவேலாவில் பச்சைப் பிட்டச் சிறுகிளிகளின் கூடுகளில் ஒளி-ஒலிப் பதிவுக் கருவிகளை வைத்து ஆராய்ந்த கார்ல் பெர்க் குழுவினர், ஒவ்வொரு குஞ்சுக்கும் உரிய தனி அழைப்பு பெற்றோரிடமிருந்தே கற்றுக்கொள்ளப்படுகிறது என்று 2011-இல் வெளியிட்டார்கள். கூடுகளுக்கிடையே முட்டைகளை மாற்றி வைத்தபோது, குஞ்சுகளின் அழைப்பு பெற்றெடுத்தவர்களுடையதை ஒத்திருக்கவில்லை, வளர்த்தவர்களுடையதை ஒத்திருந்தது. அது வேறொரு இனம், காக்டெயில் அல்ல. ஆனாலும் குஞ்சு எழுப்பும் குரலுக்குப் பதில் வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு கிளிகளின் இயல்பில் ஊறியது என்பதற்கு நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

நடைமுறையில் இதன் பயன் எளிது. சமையலறைக்குப் போகும்போது ஒரு குறிப்பிட்ட சீழ்க்கையை அடித்துவிட்டுப் போங்கள். அது மெல்லிய குரலில் கூப்பிட்டால் இருந்த இடத்திலிருந்தே அதே சீழ்க்கையால் பதில் கொடுங்கள். வீறிட்டுக் கத்தும்போது ஓடிவராதீர்கள், அதட்டவும் செய்யாதீர்கள். அதட்டலும் அதற்கு ஒரு பதில்தான். ஓரிரு வாரங்களில் கத்தல் சீழ்க்கையாக மாறுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். விடிந்ததும் அந்தி சாயும் முன்பும் சிறிது நேரம் கத்துவது வேறு. அது கூட்டம் கூடும் நேரம், கலையும் நேரம். அதை நிறுத்த முயல வேண்டாம், முடியவும் முடியாது. அடுக்குமாடியில் இருக்கிறீர்கள் என்றால் அந்த அரைமணி நேரம் சன்னலைச் சாத்திவைப்பதோடு விட்டுவிடலாம்.

அடுத்தது ஊட்டச் சொல்லிக் கெஞ்சுவது. இதைத்தான் நான் கொஞ்சம் கவலையோடு படித்தேன். இயற்கையில் காக்டெயில் குஞ்சுகள் நான்கைந்து வாரத்தில் பொந்தைவிட்டு வெளியே வந்துவிடும். ஆனால் வெளியே வந்ததோடு ஊட்டல் நின்றுவிடுவதில்லை. பெற்றோர் பின்னாலேயே பறந்து, சிறகை நடுக்கி, தலையை மேலும் கீழும் ஆட்டி, கரகரத்த குரலில் கேட்டுக் கேட்டு இன்னும் சில வாரங்கள் ஊட்டிக்கொள்ளும். கையால் வளர்க்கும்போது பெரும்பாலான குஞ்சுகள் எட்டு முதல் பத்து வாரத்தில் தானாகத் தின்னத் தொடங்கும், சில பன்னிரண்டு வாரம்வரை இழுக்கும். நாள்கணக்கு வைத்துத் திடீரென்று நிறுத்தப்பட்ட குஞ்சு, விதையை உடைத்து விளையாடும். கிண்ணம் நிறைய உமி கிடக்கும். பார்ப்பவர் தின்றுவிட்டது என்று நினைப்பார். உள்ளே பருப்பு போயிருக்காது. ஆகவே கெஞ்சல் என்பது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். இடமாற்றம், புதிய ஆள், புதிய கூண்டு என்று ஏதோ ஒன்று உலுக்கியதால் குழந்தைத்தனத்துக்குச் சற்றுத் திரும்புவது ஒன்று. இது தானாகச் சரியாகும். உண்மையிலேயே வயிறு நிறையாதது மற்றொன்று.

இரண்டையும் பிரித்தறிய ஒரு கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசு வேண்டும். காலையில் எச்சமிட்ட பிறகு, தீனிக்கு முன், தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். வளர்ந்த காக்டெயில் பொதுவாக 80 முதல் 110 கிராம்வரை இருக்கும்; ஆனால் எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். இரண்டு மூன்று நாள்களாகச் சீராக இறங்கினால், அல்லது சில நாள்களுக்குள் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எடை நிலையாக இருக்கும் நிலையில் மாலையில் மட்டும் கெஞ்சினால், படுக்கும் முன் ஒருமுறை சிறிது ஊட்டுவதில் தவறில்லை. செல்லம் கொடுத்துக் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம், சில நாள்களில் அதுவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஊட்டும் கூழின் சூடு சுமார் 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். அதைவிடச் சூடானால், விழுங்கிய தீனி முதலில் தங்கும் கழுத்தடிப் பையான தீனிப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் தீனிப்பையில் தங்கிப் புளித்துவிடும். இரண்டையும் நான் மேசையில் பார்த்திருக்கிறேன்; வெந்த தீனிப்பையோடு வரும் குஞ்சைக் காப்பாற்றுவது எளிதன்று. கையை வைத்துப் பார்த்து நம்ப வேண்டாம், வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுக் கலவரத்துக்கு வருவோம். வீட்டுக் கிளிகளில் காக்டெயிலுக்கு இது தனித்து அதிகம். கும்மிருட்டில் ஏதோ ஒரு அசைவு அல்லது சத்தம், அது சுவரில் ஓடும் பல்லியாக இருக்கலாம், சன்னல் வழியே வீசிச் செல்லும் வண்டி விளக்காக இருக்கலாம், தெருக்கோடி வெடியாகவும் இருக்கலாம். தரையில் மேயும் பறவையின் உடம்பு யோசிக்காமல் எழும்புகிறது, கூண்டுக் கம்பியில் மோதுகிறது, மோதியதே இன்னொரு தாக்குதலாகத் தோன்றி மறுபடி எழும்புகிறது. அப்போது கூண்டுக்குள் கையை விடாதீர்கள். மங்கலான விளக்கைப் போட்டுவிட்டு, வழக்கமாகப் பேசும் குரலிலேயே பேசிக்கொண்டு நில்லுங்கள். கம்பியைப் பற்றி நின்று மூச்சு வாங்கும், பிறகு தணியும். தணிந்தபின் சிறகுகளைப் பாருங்கள். வளர்ந்துகொண்டிருக்கும் புது இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடும். அது முறிந்தால் சிறு பறவைக்குப் பெரிய இழப்பு. சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால் மருத்துவர்தான் வழி. இனி வராமல் தடுக்க, கூண்டை முழுவதும் மூடாமல் ஒரு பக்கம் திறந்துவிட்டு, அறையில் ஒரு சிறு இரவு விளக்கை எரியவிடுங்கள். சன்னலோரத்திலிருந்து கூண்டை நகர்த்தி, ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி வைத்தாலே பாதி குறையும்.

அலகைத் தேய்ப்பது மகிழ்ச்சியான செய்தி. மேலலகின் உட்புறத்தில் கீழலகை வைத்துத் தேய்க்கும் அந்த ஒலி, பறவை நிம்மதியாக உறக்கத்துக்குள் நழுவும்போது வருவது. என் வீட்டில் இரவு விளக்கை மாற்றிய பிறகு கூடத்தில் உட்கார்ந்தால், வெவ்வேறு மூலைகளிலிருந்து அந்த நறநறப்பு மெல்லியதாகக் கேட்கும். அன்றைய நாள் அவற்றுக்குக் குறையில்லாமல் போயிற்று என்று எனக்கு அதுவே சொல்லிவிடும். ஒற்றைக் காலில் நின்று தலையைப் பின்னால் திருப்பி முதுகிறகில் அலகைச் செருகித் தூங்குவது, ஒரே பக்கத்துச் சிறகையும் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிப்பது, திடீரென்று உடம்பை உதறுவது எல்லாம் இயல்பே. உதறும்போது பறக்கும் வெண்பொடி, காக்கட்டூக் குடும்பத்தில் மிகுதியாக உள்ள தூளிறகிலிருந்து வருவது; வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் கூண்டைப் படுக்கையறையில் வைக்க வேண்டாம். இன்னும் இரண்டு மாதத்தில் முதல் இறகு உதிர்ப்பு தொடங்கும். அப்போது தலையில் முள் முள்ளாகப் புது இறகுகள் உறையோடு முளைக்கும். தொட்டால் வலிக்கும் என்பதால் தலை கோதக் குனிந்து கொடுக்கும் பறவையே சட்டென்று கடிக்கும். ஆணா பெண்ணா என்று கேட்டிருந்தீர்கள்: சாம்பல் நிறக் காக்டெயிலில் இந்த உதிர்ப்புக்குப் பிறகே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும். ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகும், வாலின் அடியில் இருக்கும் கோடுகள் மறையும். பெண்ணுக்கு அந்தக் கோடுகள் நிற்கும்.

உறுதியாகத் தெரிந்தவற்றோடு, பலர் உறுதிபோலச் சொல்லும் ஐயத்துக்குரியவற்றையும் பிரித்துக்காட்ட வேண்டும். கிளி தோளிலோ நம் தலைக்கு மேலான உயரத்திலோ உட்கார்ந்தால் தன்னை நமக்கு மேலானதாக நினைத்துக்கொள்ளும், அதனால்தான் கடிக்கிறது என்ற கருத்து பரவலாக உண்டு. அதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. உயரம் கிளிக்குப் பாதுகாப்பு. அங்கிருந்து இறங்க மனமில்லாததுதான் ஆதிக்கமாக நமக்குத் தெரிகிறது. இந்த வயதில் எல்லாக் குஞ்சுகளுக்கும் ஒரு ‘கடிக்கும் பருவம்’ வந்து போகும் என்பதும் அப்படித்தான். என் அனுபவத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இந்தப் புகாரோடு வருவோர் அதிகம் என்பது உண்மை. ஆனால் அது குஞ்சின் பருவத்தால் வருவதா, புது வீட்டின் ஆர்வம் குறைந்து கவனம் பிசகும் காலமும் அதுவே என்பதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. தானாகப் போய்விடும் என்று காத்திருப்பதைவிடக் கையை நிலையாக வைக்கப் பழகுவது மேல் என்பதால், நான் அந்த விளக்கத்தைச் சொல்வதில்லை.

கையால் ஊட்டினால்தான் பழகும் என்பதும் முழு உண்மையல்ல. அமேசான் கிளிகளில் பெற்றோரிடமே விட்டு வளர்த்த குஞ்சுகளைத் தினமும் சிறிது நேரம் கையில் எடுத்துப் பழக்கியபோது அவையும் மனிதரிடம் நன்றாகவே பழகின என்பதைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வு 1999-இலேயே காட்டியது. அடுத்த முறை வாங்கும்போது, கண் திறக்காத குஞ்சைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் வாங்காமல், தானாகத் தின்னும் குஞ்சையே வாங்குங்கள். பேசவைக்க நாக்கில் வசம்பு தேய்க்கலாமா, மிளகாய் கொடுக்கலாமா என்றும் ஒருவர் இடையில் கேட்டிருந்தார். கிளியின் குரல் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள குரலுறுப்பிலிருந்து எழுகிறது. நாக்கைத் தேய்ப்பதால் அது திறப்பதில்லை. மிளகாயின் காரத்தைப் பறவையின் உணர்வேற்பிகள் உணர்வதில்லை என்பதால் அது கிளிக்கு வெறும் காய். தீங்கும் இல்லை, பேச்சும் வராது. வசம்பைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும்.

சில மாதங்கள் கழித்து நீங்கள் சந்திக்கப்போகும் ஒன்றையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஒரு வயதை நெருங்கும்போது, சில அதற்கு முன்பேயும், இனப்பெருக்க உணர்வு தலைதூக்கும். அப்போது உங்கள் கைக்கோ கண்ணாடிக்கோ முன்னால் தலையை மேலும் கீழும் அசைத்துத் தின்ற விதையைக் கக்கி ‘ஊட்டும்’. அது துணைக்குக் காட்டும் அன்பு, வாந்தி இல்லை. வாந்தி என்றால் தலையைப் பக்கவாட்டில் உதறும், கக்கியது தெறித்து முகத்து இறகில் ஒட்டியிருக்கும், பறவை சோர்ந்து உப்பி உட்கார்ந்திருக்கும். கூண்டுக் கண்ணாடியை இப்போதே எடுத்துவிடுங்கள். தலையையும் கழுத்தையும் மட்டும் கோதுங்கள், முதுகையும் சிறகடியையும் தடவ வேண்டாம். பெண்ணாக இருந்தால் அந்தத் தூண்டுதலே ஓயாமல் முட்டையிட வைத்து, உடம்பின் சுண்ணாம்புச் சத்தைத் தீர்த்துவிடும்.

எது இயல்பில்லை என்பதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். பறவைகள் நோயை மறைக்கும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். பகல் முழுவதும் இறகை உப்பிக்கொண்டு இரண்டு காலையும் ஊன்றித் தூங்குவது, மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, தண்டிலிருந்து இறங்கிக் கூண்டின் தரையிலேயே உட்கார்ந்திருப்பது, காலையில் தீனிப்பை காலியாகாமல் இருப்பது, எச்சத்தின் வெண்பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது, எப்போதும் கூப்பிடும் குஞ்சு கூப்பிடாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். கத்துகிற குஞ்சைவிடக் கத்தாமல் போன குஞ்சுதான் எனக்கு அதிகக் கவலை தரும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பறக்கப் பழகும் வயதில் இருக்கும் குஞ்சின் சிறகை வெட்டச் சொல்லி ஒருவர் ஆலோசனை எழுதியிருக்கிறார். பறக்கவும் திரும்பவும் இறங்கவும் உடம்பு கற்கும் மாதங்கள் இவை; இப்போது வெட்டப்பட்ட குஞ்சுகள் விழுந்து மார்பெலும்பில் அடிபட்டு வருவதையும், எல்லாவற்றுக்கும் பயந்தவையாக வளர்வதையும் பார்த்திருக்கிறேன். என் கருத்தில் வெட்ட வேண்டாம். ஆனால் நம் வீடுகளில் பறக்கும் பறவையைக் கொல்வது பூனையைவிட மின்விசிறிதான். கூண்டைத் திறக்கும் முன் விசிறியை நிறுத்துவதைக் கதவைத் தாழிடுவது போல ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரை மூடிவையுங்கள். ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள், அளவு மீறிச் சூடானால் அதிலிருந்து எழும் புகை நிமிடங்களில் பறவையின் நுரையீரலை அழித்துவிடும். கொசுவத்தியையும் சாம்பிராணியையும் அது இருக்கும் அறையில் ஏற்ற வேண்டாம். ஒரு வாரம் எடை நிறுத்து எழுதுங்கள். காலை எச்சத்தை வெள்ளைத்தாளில் விழவைத்துப் படமும் எடுத்துப் போடுங்கள். கெஞ்சலுக்குக் காரணம் பசியா, பழைய நினைப்பா என்பதை அதைப் பார்த்து இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.